காட்சிப்பொருளைத் தொடக் கூடாது

குழந்தைகளை டெங்குவிலிருந்து காப்பாற்றியே தீருவது என்று சுகாதாரத் துறை முடிவெடுத்த ஆண்டில், அந்தத் தொடக்கப்பள்ளியின் முன்புறத்தில் ஐந்து பழைய டயர்களையும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளையும் ஒரு பெயிண்ட் வாளியையும் ஆறு பூந்தொட்டித் தட்டுகளையும் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு நீலக் கயிறு கட்டினார்கள். ‘கொசு எங்கே பிறக்கிறது?’ என்று ஒரு பலகை கேட்டது. ‘காட்சிப்பொருளைத் தொடக் கூடாது’ என்று இன்னொரு பலகை சொன்னது.

திங்கட்கிழமை காலை இணை இயக்குநர் வந்து திறந்துவைத்தார். ரிப்பன் கட்டிய கண்ணாடிக் குடுவையிலிருந்து கடைசித் தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“புத்தகத்தில் கொசுவின் படம் இருக்கிறது. படம் கடிக்குமா? கடிக்காது. கடிக்காத கொசுவைப் பார்த்து நம் குழந்தைகள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்? இந்த விஷயத்தில் துறை எந்தச் சமரசமும் செய்துகொள்ளவில்லை. டயர் நிஜ டயர். வீட்டில் புழு வளர்த்த குற்றத்துக்காகப் பொதுமக்களிடம் நாங்கள் பறிமுதல் செய்த அதே டயர். தண்ணீர் நிஜத் தண்ணீர். மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும்.”

குழந்தைகள் முன்பே ஒத்திகை பார்த்த மாதிரியே கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை மாலைக்குள் இயற்கை பார்த்துக்கொண்டுவிட்டது. அதை முதலில் கண்டவள், இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளை அழைத்துப்போக வந்த ஒரு தாய். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. காலை முதல் மாலை வரை தூசியையும் கீறலையும் தேடித் தேடிப் பழகிய கண்கள். அவை டயருக்குள் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தன. தண்ணீர் அசைந்தது. காற்று இல்லை. இன்னும் குனிந்து பார்த்தாள். நூல் துண்டுகளைப் போல நூற்றுக்கணக்கில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அவள் நிழல் பட்டதும் உடம்பை வெட்டி வெட்டி அடியாழத்துக்கு இறங்கின.

பறிமுதல் செய்த டயர்களின் உட்புறத்தில் முட்டைகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். தண்ணீருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடிய பொறுமை அவற்றுக்கு உண்டு. இதெல்லாம் துறையே அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது.

“அம்மா, அந்தக் குண்டு இருக்குல்ல, அது என்னோடது” என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். “மிஸ் ஆளுக்கு ஒண்ணுக்குப் பேர் வெக்கச் சொன்னாங்க.”

“கிட்டப் போனியா?”

“தினமும்தான் போறோம். தண்ணி ஊத்தறது எங்க கிளாஸ்தான்.”

தாயின் கை தன்னால் மகளின் நெற்றிக்குப் போனது. ஓராண்டாக அந்தக் கைக்கு இதுவே வேலை. போன ஆண்டு வாலுவுக்கு டெங்கு வந்தபோது, முதல் நாள் வெயிலில் விளையாடிய சூடு என்று நினைத்து அவளைத் தூங்கவைத்துவிட்டு இவள் வேலைக்குப் போயிருந்தாள். அந்த ஒரு நாளுக்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிள்ளை எழுந்து வந்தபோது, டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: “தப்பிச்சாச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்கம்மா. டெங்குல நாலு வகை இருக்கு. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா, முதல் தடவை மாதிரி இருக்காது. அது வராம பாத்துக்குங்க.” எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டாள். “தண்ணி தேங்க விடாதீங்க” என்றார் டாக்டர்.

வீட்டில் அவள் தேங்க விடவில்லை. பள்ளியின் பின்சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒரே சுவர். பின்தெருவில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கொசுவுக்குச் சுவர் ஏறத் தெரியும்.

முழங்கால் உயரக் கயிறு. ஒரு காலைத் தூக்கி வைத்தால் போதும். டயரைப் பிடித்து ஒரு சாய்ப்பு, தொட்டியைப் பிடித்து ஒரு தள்ளு. ஐந்து நிமிட வேலை. அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயம்கூட இல்லை. எழுதி வைத்த பலகைக்குக் கீழ்ப்படிவது அவளுக்கு மூச்சு விடுவதைப் போல. கீழ்ப்படிகிறோம் என்பதே தெரியாது. அதைக் கண்டுகொண்டபோது, யாரோ தெரியாத பெண்ணின் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டதைப் போலக் கூச்சமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் போனாள்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லைங்க. எனக்கும் கண்ணு இருக்கு” என்றார் தலைமையாசிரியை. “ஆனா அது துறையோட பொருள். நான் தொட்டா எனக்கு மெமோ வரும். தண்ணி மட்டம் ஒரு விரல்கூடக் குறையாம பாத்துக்கணும்னு ஆர்டர். இதோ, நீர்மட்டப் பதிவேடு. நாலு நாளா என் கையாலதான் எழுதறேன்.”

“அது கொசுவாகிப் பறந்துச்சுன்னா மேடம்?”

“பறந்துட்டா அது காட்சிப்பொருள் இல்ல. என் பொறுப்புல வராது.” சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு குரலை இறக்கினார். “வட்டார ஆபீஸ்ல போய்ச் சொல்லிப் பாருங்களேன். நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தாயே.”

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வட்டார சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். புகார் எழுதும் எழுத்தர் நல்லவர். அவளுக்கு நாற்காலி போட்டார். மின்விசிறியைக்கூடத் திருப்பிவிட்டார்.

“வீட்டு உரிமையாளர் பேர் சொல்லுங்க.”

“வீடு இல்லீங்க. பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடத்துல எங்க?”

“நீங்க வெச்ச டயர்ல.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “அது டயர் இல்லம்மா. காட்சிப்பொருள்.”

“அதுல புழு இருக்குங்க.”

“காட்சிப்பொருள்ல புழு இருந்தா, அதுவும் காட்சிதானே? படத்துல புலி இருந்தா வனத்துறைக்கா போன் பண்ணுவீங்க?”

உள்ளறையில் நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. சுகாதார ஆய்வாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் பாதி மென்ற பிஸ்கட்.

“என்னம்மா சொன்னீங்க? புழுவா? நெளியுதா?”

“நெளியுதுங்க.”

“எத்தனை இருக்கும்?”

“எண்ண முடியாதுங்க சார்.”

ஆய்வாளர் பிஸ்கட்டை விழுங்கினார். அவர் கண்கள் கலங்கியதைப் போல இருந்தது. “எண்ண முடியாதாம்யா!” என்று எழுத்தரின் தோளைத் தட்டினார். “மொத்தம் பதினாலு வட்டாரத்துல இந்தக் காட்சி வெச்சிருக்கு. எங்கயும் ஒண்ணும் வரல. பக்கத்து வட்டாரத்துக்காரன் மூணு வாரமா தண்ணியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நமக்கு நாலே நாள்ல! வயித்தெரிச்சல்ல சாகப் போறான்.”

“சார், அதைக் கொட்டணும். பிள்ளைங்க பக்கத்துலயே உக்காந்திருக்காங்க.”

“கொட்டறதா?” அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “இப்பத்தானம்மா வந்திருக்கு.”

மறுநாள் சனிக்கிழமை, படமெடுப்பவரோடு பள்ளிக்கு வந்தார். புழுக்களைப் பல கோணங்களில் எடுத்தார்கள். புழுக்கள் அமிழ்ந்தபோது காத்திருந்து, மேலே வந்த பிறகு எடுத்தார்கள். வேலை முடிந்ததும், தகவல் சொன்ன நல்ல குடிமகள் என்பதால் அவள் வீட்டை இலவசமாகச் சோதனை செய்து தருவதாகச் சொல்லி ஆய்வாளர் பின்னாலேயே வந்தார். சமையலறையைப் பார்த்தார். குளியலறையைப் பார்த்தார். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஷாம்பு பாட்டிலின் மூடி ஒன்று மல்லாந்து கிடந்தது. அதில் அரைக் கரண்டி தண்ணீர்.

ஆய்வாளரின் முகம் மாறிவிட்டது. “என்னம்மா இது? இவ்வளவு விவரமா பேசறீங்க, வீட்ல இப்படி வெச்சிருக்கீங்களே?”

“துணி தொவச்சப்ப தெறிச்சிருக்கும் சார். புழு இல்லையே.”

“இப்ப இல்ல. வந்த பிறகு பிடிக்கிறதுக்குப் பேர் தடுப்பு நடவடிக்கையா?” மூடியை இரண்டு விரலால் தூக்கினார். படமெடுப்பவர் தயாரானதும், அரைக் கரண்டி தண்ணீரை வெயிலில் கவிழ்த்தார். எச்சரிக்கை நோட்டீஸில் அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அதில் ‘குழந்தைகளின் உயிருடன் விளையாடும் அலட்சியம்’ என்று அச்சிட்டிருந்தது. அலட்சியம் என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றது. போன ஆண்டின் அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. ஆய்வாளர் தனக்கே தெரியாமல் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

ஞாயிறன்று லாரியிலிருந்து கணவன் பேசினான். அவனுக்கு நெடுந்தூர ஓட்டம். வீடு திரும்ப இன்னும் இரண்டு வாரம்.

“கொசு ஒழிக்கிறவங்ககிட்ட போய்க் கொசு இருக்குன்னு சொன்னே. சரி. அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“சந்தோஷப்பட்டாங்க.”

“என்னடி சொல்றே?”

“கை குடுத்தாங்கங்க.”

வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. “பெரிய ஆபீசரப் பாரு. மேல போகப் போகப் புத்தி இருக்கும்” என்றான் கடைசியில். அவனும் அவளைப் போலத்தான். பலகைக்கு மேல் இன்னொரு பெரிய பலகை இருக்கும், அதில் சரியாக எழுதியிருக்கும் என்று நம்புகிறவன்.

திங்களன்று குறைதீர்க்கும் நாள். இணை இயக்குநரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மனதுக்குள் நாள் எண்ணினாள். துண்டுப் பிரசுரத்தின்படி புழு ஐந்தாறு நாளில் கூட்டுப்புழுவாகும். அதன்பின் இரண்டு நாள். பிறகு இறக்கை. புதன்கிழமை என்று கணக்கு வந்தது. காலையில் வேறு வழியில்லாமல் வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். பிரசார காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையைக் காய்ச்சல் பட்டியலில் சேர்த்து, வீட்டுக்குள் புகை அடித்துப் பூட்டிவிடுவார்கள் என்று தலைமையாசிரியை எச்சரித்திருந்தார்.

இணை இயக்குநர் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அவளுக்கு நம்பிக்கை துளிர்த்தது. பிறகு அவர் பேசினார்.

“உங்க கவலை எனக்குப் புரியுது. நானும் ஒரு தகப்பன்தான். ஆனா நீங்க ஒரு பக்கத்தை மட்டும் பாக்கறீங்க. கொசுவே இல்லாத ஊர்ல விழிப்புணர்வு எப்படி வரும்? விழிப்புணர்வு இல்லாத ஊர்ல கொசு ஒழிஞ்சா, மக்கள் அதை எப்படிப் புரிஞ்சுக்குவாங்க? போன வருஷம் இந்த மாவட்டத்துல காய்ச்சல் கொறஞ்சுது. என்ன ஆச்சு தெரியுமா? எங்க ஆளுங்க பாதிப் பேரை வேற துறைக்கு மாத்திட்டாங்க. இந்த வருஷம் அந்தத் தப்பு நடக்காது.”

“ஒரு வலையாவது போட்டு மூடுங்க சார். புழு உள்ளயே இருக்கட்டும். கொசு வெளிய வராம இருந்தா போதும்.”

இணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வலை! நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை.” மேசை மணியை அழுத்தி, வந்தவரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் கைகூப்பினாள். பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது, இதற்கா நாலு நாள் தூங்காமல் கிடந்தோம் என்று எண்ணிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வலை வந்தது. வலையைப் போட்டால் காட்சி பார்வைக்குத் தெரியாது என்பதால், பார்க்கிறவர்கள் மேல் போட்டார்கள்.

மாலையில் அவள் போனபோது இரண்டாம் வகுப்பு முழுவதும் ஒரு பெரிய வெள்ளை வலைக்குள் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள். கரும்பலகை வலைக்கு வெளியே இருந்ததால், எட்டா மூன்றா என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை வலைக்கு வெளியே நின்று ‘பாதுகாப்பில் உள்ள மாணவர் எண்ணிக்கை’ என்ற புதுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போதே இடது கையால் தன் கழுத்தில் பளாரென்று அடித்துக்கொண்டார்.

“கொசுங்களா மேடம்?”

“இது வெளிக் கொசு” என்றார் தலைமையாசிரியை. “நம்மளோடது புதன்கிழமைதான்.”

அப்போது வலைக்கு உள்ளேயிருந்து ஒரு பிள்ளையும் பளாரென்று அடித்துக்கொண்டது. பிறகு இன்னொன்று. காலையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு வலையை இறக்கி, நான்கு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவை உள்ளேயே இருந்தன. வாலு வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முழங்கைக்குக் கீழே மூன்று சிவப்புத் தடிப்புகள்.

தாய் டயர்களுக்குப் போனாள். நூல் துண்டுகள் பாதிக்கு மேல் இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தலை பெருத்து வளைந்த கூட்டுப்புழுக்கள், தண்ணீரின் மேல்தோலில் முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. அவற்றுக்கிடையில் வெறும் கூடுகள் சில மிதந்தன. கண்ணாடி போன்ற, உள்ளே ஆளில்லாத கூடுகள். வேறு யாராக இருந்தாலும் தூசி என்று நினைத்திருப்பார்கள். அவள் எண்ணினாள். பதினேழு. அவளது கணக்கு ஒரு நாள் பிந்திவிட்டது.

அன்று இரவெல்லாம் மகளின் பக்கத்தில் படுத்திருந்தாள். நாளைக் காலை செய்யப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததில் வீரம் ஒன்றும் இல்லை. பல்வலி முற்றிய பிறகு பல் டாக்டரிடம் போவதைப் போலத்தான். இனி போகாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். அவளை வதைத்தது வேறு. வியாழக்கிழமையே ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கலாம். ஆறு நாள் அவள் செய்ததெல்லாம் அனுமதி கேட்டது. மகளைக் காப்பாற்ற அனுமதி.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரத்துக்குச் சரியாகப் போனாள். நீலக் கயிற்றைத் தாண்டினாள். முதல் டயரை நிமிர்த்திச் சாய்த்தாள். தண்ணீர் சூடான சிமென்ட் தரையில் கறுப்பாகப் பரவியது. யாரும் சத்தம் போடவில்லை. பலகை நட்ட இடத்துக்குள் ஒருத்தி இவ்வளவு நிதானமாக வேலை செய்தால், அவள் துறையைச் சேர்ந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது டயர். மூன்றாவது. தொட்டிகள். வாளியைக் கவிழ்த்தபோது வாலுவின் குரல் மட்டும் கேட்டது: “அம்மா! என்னோட குண்டு!” அவள் திரும்பிப் பார்க்காமல் கடைசித் தட்டையும் கவிழ்த்தாள். கொண்டுவந்த பழந்துணியால் டயர்களின் உட்புறத்தை அழுந்தத் தேய்த்துத் துடைத்தாள்.

வியாழக்கிழமை விசாரணை. இணை இயக்குநர் நடுவில். ஒரு பக்கம் ஆய்வாளர், மறுபக்கம் எழுத்தர். தலைமையாசிரியை சாட்சி.

“அரசுச் சொத்தை அழிச்சிருக்கீங்க” என்றார் இணை இயக்குநர். “எழுதுய்யா. அழிக்கப்பட்ட பொருள் என்ன?”

எழுத்தர் எழுதப்போய் நிறுத்தினார். “டயர் இருக்கு சார். தொட்டி இருக்கு. எதுவும் உடையல.”

“தண்ணி?”

“தண்ணி பள்ளிக்கூடத்துது சார்.”

“அப்ப புழுன்னு எழுது. ஆயிரக்கணக்கான உயிருள்ள டெங்கு கொசுப் புழுக்கள்.”

ஆய்வாளர் மெல்ல இருமினார். “சார், அப்படி எழுதினா, பள்ளி வளாகத்துல ஆயிரக்கணக்கான புழு இருந்ததா ஆயிடும். இந்த வட்டாரம் ‘புழு இல்லா வட்டாரம்’னு போன வாரம்தான் மேல அனுப்பியிருக்கோம். உங்க கையெழுத்துல.”

இணை இயக்குநர் பேனாவை மூடித் திறந்தார்.

“அப்ப புழு இல்லன்னு எழுது.”

“புழு இல்லன்னா இந்தம்மா எதையுமே அழிக்கல சார். அதுவுமில்லாம, புழு படத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிட்டோம். பாராட்டுக் கடிதமும் வந்துடுச்சு.”

இணை இயக்குநர் நெடுநேரம் அவளையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அது துணிச்சலால் அல்ல. அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இன்று வியாழன், கடி செவ்வாய், குறைந்தது நாலு நாள், அதிகம் போனால் இரண்டு வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பாராட்டு விழா” என்றார் இணை இயக்குநர் திடீரென்று. முகம் தெளிந்துவிட்டது. “ஆமா! இதுதானே திட்டத்தோட வெற்றி? காட்சியைப் பாத்து ஒரு சாதாரணத் தாய் விழிப்புணர்வு அடைஞ்சு, தானா முன்வந்து கவிழ்த்திருக்காங்க. எவ்வளவு பெரிய விஷயம்! மேடை போடுங்க. தலைமை அலுவலகத்துலேர்ந்து எல்லாரும் வரட்டும். அவங்க முன்னாடி இந்தம்மா இன்னொரு தடவை கவிழ்ப்பாங்க.”

“இன்னொரு தடவைன்னா…” என்றாள் அவள்.

“மறுபடி நிரப்பி வெக்கணும். புழு வந்ததும் விழா. வெறும் தண்ணியைக் கவிழ்த்தா யார் பாப்பாங்க? அதுவரைக்கும் இவங்களே காட்சிக்குப் பாதுகாவலரா இருக்கட்டும். தாய் பாதுகாவலர். சாவியைக் குடுத்துடுங்க.”

பூட்டு இல்லாத கயிற்றுக்கு ஒரு சாவியைக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை அவள் காதருகே குனிந்து, “தப்பிச்சீங்கம்மா” என்றார். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

அதன்பின் வந்த நாட்களை அவள் வெப்பமானியில் அளந்தாள். காலையில் ஒருமுறை, கடைக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில், படுக்குமுன். வாலு வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டே பேசப் பழகிவிட்டாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தாய் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கால் வலிக்கிறது என்றால், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா என்று கேட்பாள். “கண்ணுக்குப் பின்னாடி என்னம்மா இருக்கு?” என்று கேட்கும் பிள்ளை. கடிபட்ட ஐந்தாம் நாள் உடம்பு லேசாகச் சுட்டது. கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்க ஓடினாள். ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதது நிம்மதியால் அல்ல. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தினமும் காலையில் பள்ளி திறக்குமுன் அவள் பாதுகாவலராகக் கயிற்றுக்குள் போவாள். எல்லா டயர்களையும் தட்டுகளையும் கவிழ்த்துத் துடைப்பாள். மீண்டும் குறியிட்ட மட்டம் வரை புதுத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு நீர்மட்டப் பதிவேட்டில் ‘சரியாக உள்ளது’ என்று எழுதுவாள். அவள் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆய்வாளர் தினமும் வந்தார். முதல் வாரம் விசாரித்தார்.

“ஏதாவது தெரியுதா மேடம்?”

“இல்லீங்க சார்.”

“ஒண்ணுகூடவா?”

“நீங்களே பாருங்களேன்.”

அவர் முட்டிபோட்டுப் பார்ப்பார். இரண்டாம் வாரம் மெலிந்துவிட்டார். தண்ணீரை நிழலுக்கு மாற்றச் சொன்னார். காய்ந்த இலை கொஞ்சம் போட்டுப் பார்க்கச் சொன்னார். “போன தடவை நாலே நாள்ல வந்துச்சே மேடம். நம்ம கை ராசி போயிடுச்சா?” என்று புலம்பினார். விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அவளது பெயருக்கு முன்னால் ‘விழிப்புணர்வுத் தாய்’ என்று போட்டிருந்தது.

விழாவுக்கு முந்திய நாள், கடித்த செவ்வாயிலிருந்து சரியாகப் பதினைந்தாம் நாள், மதியம் ஆய்வாளர் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மேடை போடுவதற்காகப் பள்ளியை அரை நாளோடு விட்டிருந்ததால், அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு வீட்டில் இருந்தாள். ஜீப்பின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் கொதிப்பதைப் போலப் புழுக்கள்.

“பக்கத்து வட்டாரத்துக்காரன்கிட்ட கால்ல விழாத குறையா வாங்கிட்டு வந்தேன் மேடம். அவனுக்கும் இப்பத்தான் வந்திருக்கு” என்றார். வழிநெடுக வேகத்தடைகளில் ஜீப்பை நிறுத்தி நிறுத்தி வந்ததில் அவர் முகமெல்லாம் வியர்வை. “நாளைக்குக் காலைல டயர்ல ஊத்திடுங்க. பத்து மணிக்கு நீங்க கவிழ்க்கணும். அதுவரைக்கும் வெயில் படாம வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க. செத்துடப் போகுது.”

அவள் பாட்டிலை வாங்கினாள். கையில் கனத்தது. உள்ளறையில் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த வாலு பெரிதாக ஒரு தும்மல் போட்டாள்.

ஆய்வாளர் திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அந்தக் குழந்தையைக் கவனிப்பது அதுவே முதல்முறை.

“பாப்பாவுக்குக் காய்ச்சலா மேடம்?”

“இல்லீங்க.”

“நல்லது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வராம பாத்துக்குங்க. தலைமை அலுவலகத்துலேர்ந்தெல்லாம் வர்றாங்க. விழிப்புணர்வுத் தாயோட பிள்ளைக்கே காய்ச்சல்னா நல்லா இருக்காது பாருங்க. அப்புறம் வந்தா பரவாயில்ல. நம்ம ஜீப்பையே அனுப்பறேன், ஆஸ்பத்திரிக்கு.”

அதை அவர் உண்மையான அன்போடு சொன்னார். ஜீப்பை அனுப்பவும் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம்கூட வரவில்லை. மூன்று வாரமாக இவர்களிடம் எதையோ விளக்கிவிடலாம் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் காத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து போய்விட்டாள். அவள் போன இடம் காலியாக, இடவசதியாக இருந்தது.

பாட்டிலின் துணியை அவிழ்த்தாள். வாசற்படிக்கு வெளியே, மதிய வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த சிமென்ட்டில், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

“மேடம்! மேடம்!” ஆய்வாளர் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரைக் கூட்டிச் சேர்க்கப் பார்த்தார். சூடு தாங்காமல் கையை உதறினார். “ஐயோ, இது நிகழ்ச்சி நிரல்ல மூணாவது மேடம்! வரவேற்புரை, தலைமையுரை, அதுக்கப்புறம் இதுதான்! நாளைக்கு மேடைல எதைக் கவிழ்ப்பீங்க?”

“மேடைக்கு வரேன் சார். மாலை போட்டாலும் வாங்கிக்கிறேன். மைக் குடுத்தா, நடந்ததைச் சொல்றேன். புழு மட்டும் வராது. இந்தத் தடவை மட்டுமில்ல. நீங்க எத்தனை பாட்டில் கொண்டு வந்தாலும் இதேதான்.”

“நடந்ததையா?” என்றார் ஆய்வாளர். புழுவைவிட அது அவரைப் பயமுறுத்தியது.

ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நெளிவது குறைந்து, நின்றது. ஆய்வாளர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ‘புழுக்கள்: கொண்டுவரும் வழியில் சேதம்’ என்று எழுதினார். எழுதிய பிறகு கொஞ்சம் ஆசுவாசம் வந்தது. தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

“பாட்டிலைக் குடுத்துடுங்க மேடம். அது துறைப் பொருள். பக்கத்து வட்டாரத்து ஸ்டாக்குல இருக்கு.”

“ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லி அவள் உள்ளே போனாள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியை உள்ளே விட்டுச் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.